சிவப்பு வந்தால் செனாய்

…பூ சொல்லணுமாம், இருநூறு மணி நேரம் பறந்து, பதினான்கு பரீட்சை எழுதி, வருஷா வருஷம் கண்ணையும் காதையும் நெஞ்சையும் டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பவள் எந்தக் கம்பெனியில் விமானம் ஓட்டுவது என்று இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள் சொல்லணுமாம், நல்ல கூத்து… தம்போய் மாரியம்மன் கோயிலின் குளிர்ந்த தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த சாந்தினி, அம்மாவின் மடியிலிருந்த தாம்பாளத்தை முறைத்தாள். தேங்காய், பழம், ஊதுவத்தி, நடுவே கட்டைவிரல் பருமனில் நூல் சுற்றிய இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் சிவப்பு அரளி, ஒன்றில் மல்லிகை. அம்பாள் காலடியில் வைத்து எடுத்தால், சிவப்பு வந்தால் வீட்டிலிருந்தே போய் வரக்கூடிய செனாய் விமான நிலையம், வெள்ளை வந்தால் கே.எல்., நாலு மணி நேரத் தூரத்துக் கோலாலம்பூர், அவ்வளவுதான் கணக்கு. வீடு வாங்கும்போதும் இப்படித்தான், அண்ணன் செல்வாவுக்குப் பெண் பார்த்தபோதும் இப்படித்தான். செல்வாவுக்கு வெள்ளை வந்தது, கட்டிக்கொண்டான், இப்போது மெல்பர்னிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடியோவில் வருகிறான். மணி பத்தே கால். பன்னிரண்டுக்குள் இரண்டு கம்பெனிக்கும் பதில் போக வேண்டும், கைப்பேசியில் இரண்டு மின்னஞ்சலும் எழுதித் தயாராக இருக்கிறது, ஒன்றுக்கு நன்றி, மற்றதற்கு மன்னிக்கவும். எதற்கு நன்றி, எதற்கு மன்னிப்பு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, மூன்று வாரமாக இல்லை. பூ என்ன சொன்னாலும் செனாய்தான். வெள்ளை வரட்டும், வந்தால் இன்னும் நல்லது, இங்கேயே எழுந்து நின்று சொல்லிவிட்டுப் போகலாம்.

கே.எல். கம்பெனி பெரிய கம்பெனி, யார் இல்லை என்றார்கள், நூற்றெண்பது பேர் உட்காரும் ஜெட், வெளியூர் ஓட்டல், வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் வண்டி… செனாய்க் கம்பெனியிடம் மொத்தமே ஐந்து விமானம், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு காத்தாடி சுழலும் எழுபது பேர் விமானம், தீவுக்கும் கிழக்குக் கரைக்கும் சுமத்ராவுக்கும் பஸ் மாதிரி போய் வரும். ஆனால் இவர்கள் யாருக்கும் புரியாதது அந்த எண். விமானக் கம்பெனியில் சேருகிற நாளில் ஒரு எண் தருவார்கள், அதுதான் உன் ஜாதகம், எப்போது கேப்டன் ஆவாய், எந்த ஊர் போவாய், தீபாவளிக்கு லீவு உண்டா இல்லையா எல்லாம் அந்த வரிசைப்படிதான். கம்பெனி மாறினால் பழைய எண் போச்சு, வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும், இருபது வருஷம் ஓட்டியவனாக இருந்தாலும். அதனால்தான் கொஞ்ச நாள் இங்கே இருந்துவிட்டு அங்கே போகலாமே என்ற பேச்செல்லாம் எடுபடாது. கே.எல்.லில் அவள் எண் எண்ணூற்று முப்பத்தாறு. செனாயில் பத்தொன்பது. எண்ணூற்று முப்பத்தைந்து பேர் கிழவர்களாகும் வரை துணை விமானியாக வலப்பக்க இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியாது, முப்பது வயதாகிறது, தொற்றுக்காலம் ஏற்கனவே நாலு வருஷத்தைத் தின்றுவிட்டது. அதோடு அந்த நேர்காணல்… கே.எல்.லில் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, கல்யாணம் எப்போது என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள், சும்மா தெரிந்துகொள்ளத்தானாம். செனாயில் ஒரே ஒரு கேப்டன், நரைத்த மீசை, ஒரு தாளில் குட்டி ஓடுபாதை வரைந்தார், அதன் முனையில் ஒரு மலை வரைந்தார், இறங்கும்போது காற்று மாறினால் என்ன செய்வாய் என்றார். திரும்பி வந்துவிடுவேன் என்றாள். அவ்வளவுதானா? அவ்வளவுதான், வீம்புக்கு இறங்க மாட்டேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வீம்புக்கு இறங்க மாட்டேன் என்று எவ்வளவு தைரியமாகச் சொன்னோம் என்று இப்போது நினைத்தாலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

"ஜெட்டு ஜெட்டுதான் லா," என்றார் கமலநாதன் மாமா, மூன்றாவது முறையாக, பக்கத்துக் குடும்பத்துக்கும் கேட்கும்படி. அம்மாவுக்குத் தம்பி, தம்போயில் கார்ப் பட்டறை வைத்திருக்கிறார், நகக்கண்ணில் கிரீஸ் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. "அந்தக் காத்தாடி பிளேன்ல நான் ஒருவாட்டி போனேன், அலமாக், பல்லெல்லாம் ஆடிப் போச்சு. புதுக் கம்பெனி வேற, இன்னிக்கி இருக்கும், நாளைக்கி கடையச் சாத்திட்டுப் போயிடுவான். அப்பறம் திரும்ப எங்கிட்டதான் வரணும், கிளட்ச் பிளேட் டெலிவரி பண்ண." சிரித்தார். தொற்றுக்காலத்தில் விமானமெல்லாம் தரையில் நின்றபோது அவள் மாமாவின் வேனில்தான் உதிரி பாகங்களை ஏற்றிக்கொண்டு கோத்தா திங்கி வரை போய் வந்தாள், அதை அவர் மறக்க விடமாட்டார், கேக் வெட்டும்போதுகூட நினைவுபடுத்துவார். நல்ல மனிதர்தான், கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம், நல்லவர்களை எதிர்ப்பதுதான் பெரும்பாடு. அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை, ஐந்து விமானக் கம்பெனி ஐந்தே மாதத்தில் மூடலாம்… மூடட்டும் மாமா, மூடினால் மறுபடி வேன் ஓட்டுகிறேன், எனக்கென்ன வெட்கம், உங்கள் வேனின் ஹார்ன் வேலை செய்யாமலேயே நாலு வருஷம் ஓட்டியவள் நான். வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே, "ஆமா மாமா," என்றாள், வெள்ளை வரட்டும் என்று சேமித்து வைத்தாள்.

பொட்டலத்து நூலில் அம்மா இன்னொரு முடிச்சு போட்டாள். அம்மா பேசித்தான் ஆக வேண்டுமா, ஏற்கனவே தான் வேலை பார்க்கும் தொழிற்சாலை முழுக்கப் பேசியாகிவிட்டதே. என் மக ஜெட்டு ஓட்டப் போறா என்று பிளாஸ்டிக் மூடி எண்ணுகிற பெண்கள் எல்லோரிடமும் சொல்லி, போன வாரம் மேற்பார்வையாளர் சந்திரமதி அக்காவே சந்தையில் நிறுத்தி வாழ்த்தினாள். நீ கே.எல். போ, எனக்கென்ன, நான் பாட்டுக்கு இருப்பேன், என்று அம்மா மூன்று வாரமாக ஒரே சுருதியில் சொல்லி வருகிறாள், பாத்திரம் கழுவும்போதும், துணி உலர்த்தும்போதும். வாதாடவும் விடமாட்டாள், மலர் என்று பெயர் வைத்தவர்கள் பாறை என்று வைத்திருக்கலாம். இந்த ஊரே இப்படித்தான், யாராவது எங்காவது கிளம்பிப் போனால்தான் உருப்பட்டான் என்று அர்த்தம். அப்பா இருபத்திரண்டு வருஷமாகக் காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போகிறார், இருட்டிய பிறகு வந்து தூங்குகிறார். செல்வா போனான். பக்கத்து வீடு போயிற்று, எதிர்வீடு போயிற்று. போகமாட்டேன் என்று ஒருத்தி சொன்னால் அவளுக்குத் துணிச்சல் இல்லை என்பார்கள், அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பார்கள். சொல்லட்டும். ஊரே கிளம்புகிற இடத்தில் தங்கிக் காட்டுவதற்கும் ஒரு திமிர் வேண்டும், அது எனக்கு இருக்கிறது… பேச்சு மனப்பாடமாகவே இருந்தது, குளியலறையில் இரண்டு முறை ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். அம்மா, இது என் வாழ்க்கை, உன் தொழிற்சாலைக்காரர்களுக்குச் சொல்ல நான் ஜெட் ஓட்ட முடியாது. இந்த இடத்தில் அம்மா அழுவாள். அப்போது குரலை உயர்த்தக் கூடாது.

"மலர், பொட்டலத்தைக் கொடும்மா," என்று குருக்கள் வந்தார். வழக்கமாக அவர்தான் பூவைப் பொட்டலம் கட்டுவார், இன்றைக்கு, வெள்ளிக்கிழமைக் கூட்டம் சாமி, ஒங்களுக்கு ஏன் சிரமம்னு நானே வீட்டுலேர்ந்து கட்டிக்கிட்டு வந்துட்டேன் என்றாள் அம்மா. அவருக்கும் வேலை மிச்சம். கற்பூரம் காட்டினார், தட்டைச் சாந்தினியின் முன்னால் நீட்டினார். "நீயே எடும்மா, மனசுல நெனச்சிக்கிட்டு." மனதில் என்ன நினைப்பது, மாரியாத்தா, உன்மேல் எனக்குக் கோபமில்லை, உன்னை இதில் இழுத்துவிட்டவர்கள் மேல்தான், வெள்ளையையே கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்… வலப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். நூலை அவிழ்த்தாள். அரளி, சிவப்பு, நசுங்கி இலையோடு ஒட்டிக்கொண்டு.

ஒரு நொடி ஏமாந்தது போலத்தான் இருந்தது. மாமா முட்டி போட்டு எட்டிப் பார்த்து, "அட, இன்னொரு வாட்டி பாக்கலாம் சாமி, மூணுக்கு ரெண்டுனு வச்சிக்குவோம்," என்றார். குருக்கள் சிரித்தார். "அந்த இன்னொண்ணையும் பிரிச்சிக் காட்டுக்கா," என்றார் மாமா. அம்மா சட்டென்று அந்தப் பொட்டலத்தைத் தேங்காய் மூடிக்கு அடியில் தள்ளினாள். "ரெண்டாவத பிரிக்கக் கூடாதுடா, ஆத்தா கோச்சுக்குவா. வந்தது வந்துச்சு, செனாய்தான், விடு." அப்படி ஒரு சாஸ்திரம் இருக்கிறதா? செல்வாவுக்குப் பார்த்தபோது இரண்டையும் பிரித்தார்களே… என்னவோ. மாமா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார், போகிறபோது அவள் தலையில் கை வைத்து, "காத்தாடிய நல்லா துடைச்சி வச்சிக்கோ," என்றார். ஆசீர்வாதமா கேலியா தெரியவில்லை. அம்மா, மூன்று சுற்று சுற்றிவிட்டு வருகிறேன், நீ காரில் இரு என்று தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்தாள். அழவில்லை. ஜெட் போய்விட்டதே என்று ஒரு பெருமூச்சுகூட இல்லை.

கார் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டைப் பின் இருக்கையில் வைக்கும்போது தேங்காய் மூடி சரிந்தது, அடியிலிருந்த பொட்டலம் உருண்டு அவள் காலடியில் விழுந்தது. ஆத்தா கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும், இவ்வளவு தூரம் வந்தபின் வெள்ளையின் முகத்தையும் பார்த்துவிடுவோம் என்று நூலை இழுத்தாள். அரளி. சிவப்பு. திருப்பிப் பார்த்தாள், இலையை உதறிப் பார்த்தாள், ஒரு மல்லி மொட்டுகூட இல்லை. நிமிர்ந்தபோது அம்மா மூன்றாவது சுற்றை முடித்துவிட்டு, வெயிலுக்கு முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள், கொண்டையில் மல்லிகை, ஒரு முழம் முழுசாக. பொட்டலம் கட்டவென்று காலையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த அதே முழம்.

"வெள்ள எங்கம்மா?"

"எந்த வெள்ள?" அம்மாவின் கை கொண்டைக்குப் போய்த் திரும்பியது. சாந்தினியின் மடியிலிருந்த இலையைப் பார்த்தாள், உடனே வெளியே பார்த்தாள், சீட் பெல்ட்டை இழுத்தாள், அது மாட்டவில்லை, மறுபடி இழுத்தாள். "போற வழியில தோச சாப்ட்டுப் போலாமா… ஒங்கப்பா ராத்திரிதான் வருவாரு. ஒருத்திக்குன்னா எனக்கு ஒல வைக்கவே தோண மாட்டேங்குது."

மூன்று வாரமாக இதைச் சொல்லியிருக்கலாமே, நீ போகாதே என்று இரண்டு வார்த்தை, அதைச் சொல்ல வாய் வராமல் மாரியம்மனை ஏமாற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாளே இவள்… சாந்தினிக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, மனப்பாடம் செய்த பேச்சு முழுசாக அப்படியே மிச்சமிருந்தது, யாரிடம் சொல்வது அதை, எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லையே. மணி பதினொன்று பத்து. கைப்பேசியை எடுத்தாள், செனாய்க்கு எழுதிய நன்றி அப்படியே இருந்தது, அனுப்ப வேண்டியதுதான், அவள் கேட்டதுதான், பத்தொன்பதாம் எண், குட்டி ஓடுபாதை, முனையில் மலை, எல்லாம் அவளுடையதுதான். பிறகு ஏன் கண் மற்ற மின்னஞ்சலுக்குப் போகிறது? நூற்றெண்பது பேர் விமானம், வெளியூர் ஓட்டல், வாசலுக்கு வரும் வண்டி… அவ்வளவு மோசமில்லையோ? காலை முழுக்க நினைப்பில்கூட ருசிக்காத கே.எல்., அம்மாவுக்கு வேண்டாம் என்று தெரிந்த இந்த ஐந்து நிமிடத்தில் எப்படி இத்தனை அழகாயிற்று?

"என்னம்மா, கிளப்பு, சுடுது," என்றாள் அம்மா.

சாந்தினி சாவியைத் திருகினாள், கைப்பேசியை மடியில் அந்தச் சிவப்புப் பூவின் மேலேயே வைத்தாள். தோசைக்கடை வரை பத்து நிமிடம், அதற்குள் அனுப்பிவிடலாம், அனுப்பத்தான் போகிறாள், கட்டாயம்… யாரும் வேண்டாம் என்று சொல்லாத ஒன்றை எனக்கு வேண்டும் என்று அவள் இதுவரை ஒருமுறைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை.