மூடாத இடது கண்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, லூர்தம்மா தம்பியின் இடது இமையை மறுபடியும் இழுத்து மூடினாள். விரலை எடுத்ததும் அது பாதி திறந்துகொண்டது. ஈரப் பஞ்சு வைத்தும் பார்த்தாயிற்று. வலது கண் சமர்த்தாக மூடிக் கிடந்தது. இடது மட்டும் உயிரோடு இருந்தபோது போலவே மூக்குப் பக்கம் ஒதுங்கி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரையோ பாக்கணும்னு கெடக்குது இந்த உசுரு," என்றாள் லூர்தம்மா. "சிலுவ, யாரு இன்னும் வரல?"

காலையில் டீ கிளாஸோடு சாய்ந்த புருஷனைத் தாங்கிப் பிடித்ததிலிருந்து சிலுவையம்மாளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள்தான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஐஸ் பெட்டிக்காரன் பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்டபோது மட்டும் டக்கென்று கை காட்டினாள். ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அங்கே சொருகினார்கள். உள்ளே இருக்கிற வஞ்சிரம் கெட்டுப்போகுமே என்று நினைத்தாள். இந்த நேரத்தில் இப்படி ஒரு நினைப்பா என்று வெட்கப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

வாசலில் சுப்புராயனின் குரல் கேட்டது. காசிமேட்டில் மூன்று விசைப்படகு வைத்திருக்கிறவர்.

"டோரி தாமசு மொத அடி வச்ச படகு ஒண்ணாவது வெறுங்கையா திரும்பிகீதா சொல்லு மாமு? அது ராசியான கண்ணு."

ஊருக்கு அவள் புருஷன் ரெண்டு ஆள். புதுப் படகு இறக்கும்போது தாமஸ் அண்ணே. மாலை போட்டு முதல் ஆளாக ஏற்றுவார்கள். மறுநாளே மாறுகண் டோரி. 'யோவ், நீ என்னப் பாக்குறியா, எதிர்ல வர்றவளப் பாக்குறியா' என்று அதே வாய் கேட்கும். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். என்ன வாயோ, என்ன ஜனமோ!

அந்தக் கண்ணைப் பற்றி சிலுவையம்மாளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

கல்யாணமான புதுசு. அவர் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் வலது கண்ணில் சிமெண்டுத் தூசி விழுந்து கட்டுப் போட்டுவிட்டார்கள். கூட வேலை செய்த முதஸ்ஸிர் கைபிடித்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டுப் போனான். ஒரு கண்தானே கட்டியிருக்கிறது, இன்னொன்று திறந்துதானே இருக்கிறது என்று அவள் சோற்றுத் தட்டை எதிரில் வைத்தாள். அவர் கை தட்டைத் தேடித் தரையெல்லாம் தடவியது.

"அது வெறும் வெளிச்சந்தான் காட்டும் சிலுவ. ஆளு தெரியாது," என்றார். "சின்னதுலயே பாத்திருந்தா சரியாயிருக்குமாம். அதிர்ஷ்டக் கண்ணு, கை வச்சா போயிடும்னு எங்கம்மா ஆஸ்பத்திரிலேர்ந்து தூக்கிகினு வந்துடுச்சி."

பிறகு அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "வெளிய தெரிஞ்சா கிரேன்லேர்ந்து எறக்கிடுவானுங்க. நான் செத்தாலும் சொல்லாத."

அவள் சொல்லவில்லை. தெருவில் போனால் அவருக்கு இடது பக்கமாகவே நடந்தாள். சைக்கிளோ மாடோ வந்தால் லேசாக முழங்கையால் தள்ளுவாள். என்ன ஒட்டுதல் பார் என்று ஊர் கேலி பண்ணியது.

இப்போது பேத்தி சாண்ட்ராவுக்கும் இடது கண் ஒதுங்குகிறது. டாக்டரிடம் காட்டலாம் என்று மருமகள் கிறிஸ்டினா கெஞ்சாத நாளில்லை. மகன் நோயல் கேட்கிற மாதிரி இல்லை. "தாத்தா ராசி வந்துகீது, அதுல போய் கத்தி வைக்கச் சொல்றியா?" என்று கத்துவான். போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சிலுவையம்மாள் புருஷனிடம் மெதுவாகக் கேட்டாள்: "நோயலாண்ட சொல்லிடலாமாய்யா?" அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

"பேத்தி!" லூர்தம்மா திடீரென்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பேத்தியத்தான் தேடுது. தன் கண்ணக் குடுத்துட்டுப் போறவன் பாக்காம போவானா? நோயலு, புள்ளயக் கொண்டா!"

சமையலறை வாசலில் கிறிஸ்டினா குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நோயல் பிடுங்காத குறையாக வாங்கிவந்து அப்பா முகத்துக்கு நேரே காட்டினான்.

"நல்லா பாத்துக்கோ தம்பி," என்றாள் லூர்தம்மா. "நோயலு, இந்தக் கண்ணுல எவனையும் கை வைக்க வுடமாட்டேன்னு அப்பா மேல சத்தியம் பண்ணு. அப்பத்தான் அது மூடும்."

நோயல் அழுதுகொண்டே கையை நீட்டினான்.

"பண்ணாத," என்றாள் சிலுவையம்மாள்.

காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"அது யாரையும் தேடல அண்ணி. அந்தக் கண்ணு தெரியாது. சின்ன வயசுலேர்ந்தே தெரியாது."

"சாவு வூட்டுல இன்னா பேச்சு பேசுற நீ!"

"ஒத்தக் கண்ணுலதான் கிரேன் ஓட்டினாரு. ஒத்தக் கண்ணுலதான் இவன வளத்தாரு. அதிர்ஷ்டமாம் அதிர்ஷ்டம்! பாக்காத கண்ணப் படகுல ஏத்திக் கும்புட்டுகினு இருந்தீங்க. சொல்லாதன்னு சத்தியம் வாங்கினாரு. இப்ப மீறிட்டேன். பாவம்னா அது எனக்கு வரட்டும். இந்தப் புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போ நோயலு."

வாசலில் சுப்புராயன் செருப்பைத் தேடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். சிலுவையம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். சொல்லிட்டேன்யா, கோச்சிக்காத என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா அப்பா," என்றான் நோயல். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் மகளின் முகத்தையே பார்த்தான். பிறகு அவளுடைய வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மெதுவாக மூடினான்.

"சாண்ட்ரா, தாத்தா இன்னா கலரு சட்ட போட்டுகீறாரு?"

குழந்தை கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. அவன் விரல்களைப் பிடித்து இழுத்தது.

"கைய எடுப்பா. தாத்தாவக் காணோம்."

நோயல் கையை உடனே எடுக்கவில்லை. பிளக் பிடுங்கிய ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் கசிந்து ஐஸ் பெட்டியின் காலடிவரை வந்திருந்தது. சிலுவையம்மாள் ஒரு பழைய துணியை எடுத்துவந்து, குந்தி உட்கார்ந்து, அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.