கையை எடுத்தால் எந்தப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து வந்தது. புகாரை எழுதியது நான்தான்.

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் ஒன்று இருக்கிறது. (விளையாட்டு என்று சொன்னால் அதன் ஆட்களுக்குக் கோபம் வரும்.) அதற்குள் புதிய விமானங்களை யார் வேண்டுமானாலும் செய்து சேர்க்கலாம். ஓர் அக்காவும் தம்பியும் அப்படி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். தொண்ணூறு வருடப் பழைய விமானம். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடம்பு, இறக்கைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பிகள். 'இதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் அளந்து எடுத்தது' என்று தங்கள் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

வெளியிடும் முன் ஓட்டிப் பார்க்க நாற்பது பேரைச் சேர்த்தார்கள். நான் அதில் ஒருத்தி. குழுவில் வாயே திறக்காதவள். மூன்றாவது வாரம் துணிந்து ஒரு வரி அனுப்பினேன்: 'கையை எடுத்தால் இடப்பக்கம் சாய்கிறது.'

'பார்க்கிறேன், நன்றி' என்று அக்கா பதில் போட்டார்.

எனக்கு உண்மையாகத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: 'ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவை இறக்கையை விரித்து

வேண்டாம். விமானக் கதையில் பறவை வந்தால் நானே மூடி வைத்துவிடுவேன்.

இரண்டாம் தொடக்கம்: 'ஆய்வகத்து வேலையை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகியும் அக்காவுக்கு

இது அழுமூஞ்சித் தொடக்கம். அக்கா அப்படி இல்லை. (எப்படித் தெரியும்? 'பார்க்கிறேன்' என்றவர் அன்றைக்கே பார்க்க உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு சொல்லில் எனக்கு அப்படித்தான் கேட்டது.)

மூன்றாவது:

புகார் வந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. அக்கா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.*

* நேரில் 'அவர்' என்றுதான் சொல்வேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். எழுதுகிறவளுக்கு இந்த அசட்டுத் துணிச்சல் மட்டும் உண்டு.

சின்ன அறை. இரண்டு மேசை, முதுகோடு முதுகு. அவள் பக்கம் கணக்கு. விமானம் எப்படிப் பறக்கும் என்பது அவள் பொறுப்பு. தம்பி பக்கம் சுவர் முழுக்கப் புகைப்படங்கள். விமானம் எப்படி இருக்கும் என்பது அவன் பொறுப்பு.

"எங்கயோ ஒரு கழித்தல் குறி இடம் மாறியிருக்குடா."

"பதினோரு நாளா அதையேதான் சொல்ற."

"கிடைக்கிற வரைக்கும் சொல்லுவேன்."

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெளியீடுக்கா. இன்னிக்குச் செவ்வாய். ஏற்கெனவே ரெண்டு தடவ தள்ளி வச்சாச்சு. பேசாம இன்ஜின் முறுக்கக் குறைச்சு விடு. ஒரே ஒரு எண். யாருக்குத் தெரியப்போகுது?"

விஷயம் இதுதான். மூக்கில் உள்ள விசிறி வலப்பக்கமாகச் சுற்றினால், விமானத்தின் உடம்பு இடப்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். அதுதான் சாய்வு. முறுக்கைக் குறைத்து எழுதிவிட்டால் சாய்வு போய்விடும்.

அக்கா நூறு என்று இருந்ததைப் பத்து ஆக்கினாள். விமானம் சமர்த்தாக, கோடு போட்ட மாதிரிப் பறந்தது.

"அப்பாடா" என்றான் தம்பி.

அவளுக்கு அப்பாடா வரவில்லை. அந்தப் பத்தை யாரும் அளக்கவில்லை. அவள் வாய்க்கு வந்ததைப் போட்டாள். அளந்து எடுத்தது என்று எழுதிய கையாலேயே போட்டாள்.

3

தம்பியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் அவனைச் சோம்பேறியாக எழுதினேன். பிறகு விமானத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். இறக்கைத் துணியின் ஒவ்வொரு தையலையும் போட்டிருக்கிறான். இருக்கைத் தோலில் ஒரு கிழிசல், அதற்கு மேல் ஒட்டு, ஒட்டின் ஓரம் லேசாக உரிந்திருக்கிறது. இப்படிப்பட்டவன் சோம்பேறி இல்லை. அப்படியானால் எங்கே, எதற்காக, அவன்

இருங்கள். முதலில் இயற்பியல்.

புகார் அனுப்பியபின் நானும் சும்மா இருக்கவில்லை. மறுபடி மறுபடி ஓட்டினேன். இன்ஜினைக் கூட்டினால் சாய்வு கூடியது. முழுக்க அடக்கிவிட்டுக் கையை எடுத்தால் சாய்வே இல்லை. கணக்கு தப்பென்றால் இவ்வளவு ஒழுங்காகத் தப்பாது. ஆகவே கணக்கு சரி. முறுக்கும் சரி. முறுக்கை எதிர்த்துத் தள்ள வேண்டிய ஏதோ ஒன்றுதான் விமானத்தில் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். தனியாக இருந்ததால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

4

புதன் மதியம் அக்கா ஸ்பேனருக்குப் போன் போட்டாள். இன்றைக்கும் பறக்கிற நிலையில் இருக்கும் அந்த ஒரே விமானம் அவருடையது. அவரே மெக்கானிக், அவரே ஓட்டுநர். பட்டப்பெயர் தம்பி வைத்தது, அவருக்கும் பிடித்திருந்தது. அவருடைய கொட்டகையில்தான் தம்பி நான்கு நாள் தங்கி அளவெடுத்தான்.

போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, கையை விட்டுட்டு ஃபிளாஸ்கத் திறந்து டீ ஊத்திக் குடிப்பேன்னு சொன்னீங்களே. எப்படிக் குடிக்கிறீங்க? இன்ஜின் இடப்பக்கம் முறுக்குமே."

"முறுக்கத்தான் செய்யும். அதுக்குத்தானே இடது றெக்கைய முறுக்கி வச்சிருக்கு."

"என்ன சொல்றீங்க?"

"கம்பி கட்டும்போதே இடது றெக்கை நுனியோட முன்னோரத்த ரெண்டு டிகிரி தூக்கிக் கட்டிடுவோம்மா. அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாத் தூக்கும். இன்ஜின் இடப்பக்கம் தள்ளும், றெக்கை வலப்பக்கம் தள்ளும். ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டே நேராப் போயிடும், எங்க வீட்டுல நடக்குற மாதிரி. ஏன், உங்க தம்பி அளந்தாரே?"

அக்காவின் முதுகுக்குப் பின்னால் மவுஸ் சத்தம் நின்றது.

"டேய், இடது றெக்கைய அளந்தியா?"

"வலதை அளந்தேன்."

"நான் கேட்டது இடது."

"இடதுபக்கம் சுவரை ஒட்டி இருந்துச்சு. உள்ள போக முடியல. வலதையே கண்ணாடியில காட்டுற மாதிரித் திருப்பிப் போட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"அளந்தேன்னு சொன்ன."

"சொன்னேன்."

ஸ்பேனர் தொண்டையைச் செருமினார். "நான் அப்புறம் பேசட்டுமா?"

"இருங்கண்ணே."

இங்கே அக்கா திட்ட வேண்டும். மூன்று தடவை திட்ட வைத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் அவள் சிரித்துவிட்டாள். பதினோரு நாளாகத் தன்மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தவள். இப்போது பார்த்தால், அவளுடைய கணக்கு அவள் கண்ணால் பார்க்காத ஓர் இறக்கையில் இரண்டு டிகிரி காணோம் என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்குத்தான் காது கேட்கவில்லை.

"கணக்கு சரிடா" என்றாள். "ஒரு எழுத்துக்கூடத் தப்பில்ல." பிறகு போனைப் பார்த்து, "அண்ணே, இப்பப் போய் அளக்க முடியுமா?"

"வெளிய தள்ளணுமே. ஒத்தையாளால ஆகாது."

தம்பி ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தான். இன்னொன்றை மேசைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தான்.

5

அளப்பது ஒரு நாள். அளந்தபடி இறக்கை, கம்பி, துணி எல்லாவற்றையும் திருப்பிச் செய்வது இரண்டு வாரம். வெள்ளிக்கிழமைக்கு இருந்தது இரண்டே நாள். பத்து என்ற அந்த எண்ணோ போட்ட இடத்திலேயே சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

முடிவு, ஒன்று: எண் அப்படியே இருக்கட்டும் என்று விடுகிறாள். எல்லோரும் பாராட்டுகிறார்கள். பாராட்டு வரும்போதெல்லாம் அவள்

முடிவு, இரண்டு: வெளியீட்டை மூன்றாவது தடவையும் தள்ளி வைக்கிறாள். குழுவில் கேலி செய்கிறார்கள். தம்பி 'தப்பு என்மேல' என்று எல்லோருக்கும் எழுதுகிறான். இது எனக்குப் பிடித்திருந்தது. முழுசாக எழுதி முடித்தேன்.

எழுதி முடித்த மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு, சொன்ன நேரத்துக்கு, விமானம் வெளிவந்துவிட்டது. என் முடிவு குப்பைக்குப் போனது. அறிவிப்பில் ஒரே வரி: 'இடப்பக்கச் சாய்வு சரிசெய்யப்பட்டது.'

எப்படிச் சரிசெய்தார்கள் என்று எழுதவில்லை. எண்ணைப் போட்டா, இறக்கையைத் திருப்பிச் செய்தா? இரண்டு வாரத்து வேலையை இரண்டு நாளில் செய்ய முடியுமா? தையல் தையலாகப் போட்டவனால் முடியலாம். படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. துணிக்கு அடியில் இரண்டு டிகிரி கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் ஒரு சோதனை இருக்கிறது. இதை நினைத்துத்தான் நேற்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இன்ஜின் ஓடும்போது இரண்டு விதத்திலும் விமானம் நேராகத்தான் போகும். அடக்கினால் முறுக்கு இருக்காது. எண்ணைப் போட்டுச் சரிசெய்த விமானம் அப்போதும் நேராகவே போகும். இறக்கையைச் சரிசெய்த விமானத்தில் சண்டை போட்ட இன்ஜின் அடங்கிவிட்டதே. தூக்கிக் கட்டிய இடது இறக்கை தனியாக நின்று தள்ளும். வலப்பக்கம் சாயும். நேராகப் போனால் பொய். சாய்ந்தால் நிஜம். (இடப்பக்கம் சாய்ந்தால் என் கதை முழுக்கத் தப்பு. அதற்கும் இடம் விட்டு வைக்கிறேன்.)

விமானம் என் கணினியில் இறங்கி இருக்கிறது. நான் இன்னும் திறக்கவில்லை. எனக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அதனால்தான் நான் ஓட்டக் கூடாது. கையை எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு விரலால் தள்ளிவிடுவேன்.

நீங்கள் ஓட்டுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறுங்கள். இன்ஜினை அடக்குங்கள். கம்பிகளில் காற்று உரசும் சத்தம் மட்டும் கேட்கும்.

இப்போது கையை எடுங்கள்.