ஜாடிக்கு ஜோடி தேடியவன்

பாக் நின் மாகாணத்தின் சரித்திரம் என்றால் என்னைத்தான் கேட்க வேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறு யாரும் சொல்லவில்லை. பகலில் குயவன், மாலையில் அறிஞன், எந்நேரமும் பிரம்மச்சாரி.

செல்போன் தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்க்கும் தோவானைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவளுக்கும் சம்மதம்தான். அவள் அப்பா பாங் பிடி கொடுக்கவில்லை. அவர்களுடைய ஹா தின் கிராமம் அந்தத் தொழிற்சாலைக்கு அடியில் போய்விட்டது. இப்போது அவர்கள் விலாசம், ஊர் இழந்தவர்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் ஐந்தாம் பிளாக்.

"உங்க ஊரு ஆளுங்க எங்களை பிளாக்குக்காரன்னு கூப்பிடுறாங்க. மொதல்ல எங்க ஊருக்கு ஒரு மரியாதை வாங்கிக் குடு. அப்புறம் பொண்ணு கேளு" என்றார் பாங்.

என்னிடம் போய் இதைச் சொல்லலாமா? வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். தொழிற்சாலைக்குக் குழாய் பதிக்கத் தோண்டிய மண்ணில் ஒரு பழுப்பு ஜாடி கிடைத்தது. எங்கள் வான் லோ ஊர்க்கோயிலில் இருக்கும் ஜாடிக்கு அதுதான் ஜோடி. அதே களிமண், அதே மெருகு. எங்கள் முன்னோர் ஜோடியாகச் சுட்டு ஒன்றை வெளியே கொடுத்தது ஒரே ஓர் உறவுக்குத்தான். தோவானிடம்கூட மூச்சு விடவில்லை. திடீரென்று அசத்த வேண்டுமல்லவா.

வசந்தத் திருவிழாவில் ஜாடியைத் தூக்கிக் காட்டி, மைக்கில் வெளுத்து வாங்கினேன். முன்வரிசையில் தோவான் இரண்டு கையையும் ஆட்டினாள். எனக்கு இன்னும் உற்சாகம் ஏறிற்று.

"ஹா தின்னும் வான் லோவும் சத்தியம் பண்ணிக்கிட்ட சகோதர ஊருங்க" என்று முடித்தேன். கைதட்டல் ஓயவில்லை.

பாங் கண்ணீரோடு எழுந்து வந்து, தன் வயதையும் பார்க்காமல் என் முன் குனிந்து வணங்கினார்.

"அண்ணே, எங்க ஊர மீட்டுக் குடுத்துட்டீங்க."

சகோதர ஊர்க்காரனை எந்த வயதுக்காரரும் அப்படித்தான் அழைப்பார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சகோதர ஊர்கள் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இது இங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அறிஞனுக்குத்தான் மைக்கைப் பிடித்ததும் மறந்துவிட்டது.

சகோதர ஊர் விருந்தாளிக்கு என்று தோவான் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"நிறுத்துங்கன்னு கையக் காட்டிக்கிட்டே இருந்தேனே, பாக்கலையா?"

"பாத்தேன். பாராட்டுறன்னு நெனச்சேன்."

அவள் இரண்டு கைகளாலும் தட்டை நீட்டினாள். சகோதரன் மறுக்கக் கூடாது. எடுத்துக்கொண்டேன்.