தறி நிற்கும்வரை தண்ணீர் இல்லை

“ஒரு சொட்டு தண்ணி குடுக்கலம்மா! பொழுது விடிஞ்சதிலேருந்து ஒரு சொட்டு குடுக்கல! இன்னும் நான் இன்னாதான் பண்ணட்டும்?”

“ஒரு சொட்டு குடுக்காமயே என் பொடவைய நனைச்சிட்டுதே, ஒரு சொம்பு குடுத்திருந்தா வீடே மொதந்திருக்குமேடி!”

இரண்டாவது குரல் தெய்வநாயகியுடையது. சுவருக்குள் அடங்குகிற குரல் அல்ல அது. முதல் குரல் காத்தாயி. படவேட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, தெய்வநாயகி வீட்டுத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பவள். தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாக் கட்டைக்குள் போகிற சின்னக் குழலில் பட்டிழை ஏற்றுகிற வேலை. என் வீடு நேர் எதிரே. ஒரு கை புளி கேட்கிற சாக்கில் நான் உள்ளே நுழைந்தபோது சண்டை நல்ல சூட்டில் இருந்தது. 1972 ஆம் வருஷம், சித்திரை வெயில். எனக்குப் புளி தேவைப்படவில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

அன்று காலையில்தான் தறியிலிருந்து அறுத்த புடவை. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. மடிப்பதற்காகப் பாயில் விரித்திருந்தார்கள். அதன் நட்டநடுவில் காத்தாயியின் மகள் கண்ணகி, மூன்று வயசு, கோயில் உற்சவர் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மூத்திரத்தில் நனைந்து கரையின் அரக்குச் சாயம் மஞ்சளில் இறங்கிக்கொண்டிருந்தது. தெய்வநாயகியின் புருஷன் வீரபாகு தறிக்குழியில் இடுப்புவரை இறங்கி உட்கார்ந்தபடி, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவர் போல விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அந்த வீட்டுச் சண்டைகளில் அவர் எடுத்துவந்த நிலை அதுதான்.

காத்தாயி சொன்னது பொய்யில்லை. தறி ஓடுகிற வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடையாது. தறி நின்ற பிறகுதான். பட்டு நனைந்தால் போச்சு என்று எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கம். காத்தாயி வந்த புதிதில் அந்த வழக்கத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் எங்கள் பிள்ளைகள் கொல்லைப்பக்கம் ஓடித் தாங்களாகவே மொண்டு குடித்துவிடும். காத்தாயியோ அவள் மகளோ அந்த வீட்டுக் குடத்தில் கை வைக்கக் கூடாது. யாராவது எழுந்து வந்து ஊற்ற வேண்டும். வேலை நேரத்தில் யார் எழுந்து வருவது? அதனால் அவள் மகள்தான் தெருவிலேயே வழக்கத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த குழந்தை.

“எந்திரி! எந்திரிங்கறேன்!” என்று தெய்வநாயகி குனிந்து, குழந்தையின் காலைப் பிடித்துப் புடவையிலிருந்து இழுத்தாள். பிறகு திடீரென்று கையை விட்டாள்.

குழந்தை அழவில்லை. அது ஒன்று. இன்னொன்று, தெய்வநாயகியின் கட்டைவிரல் அழுந்திய இடத்தில், முழங்காலுக்குக் கீழே, ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அது மேலே எழும்பவே இல்லை. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி அப்படியே இருந்தது.

“இன்னாடி இது?”

“சதை போட்டுகினு வருதும்மா,” என்றாள் காத்தாயி, கொஞ்சம் பெருமையாகவே. ஒரு மாதமாகக் கண்ணகி கொழுகொழுவென்று ஆகிவந்தாள். அரிசி மில்லில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சுப்பன் கொண்டுவரும் நொய்யில் காய்ச்சிய கஞ்சி, அதுவும் தெளிவாக, இரண்டு வேளை. அதைத் தின்று ஒரு குழந்தை எப்படிக் கொழுக்கும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கண் பட்டுவிடப் போகிறது, சுற்றிப் போடு என்றுதான் சொன்னோம்.

“உடம்பு ஜில்லுனு இருக்குதுடி,” என்றாள் தெய்வநாயகி. சித்திரை மாதத்துப் பதினோரு மணிக்கு.

சண்டை அங்கேயே நின்றது. புடவையை அப்படியே போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். நான் ஏன் போனேன் என்று கேட்டால், புளி இன்னும் வாங்கவில்லையே.

அங்கே ஒரு டாக்டரம்மா. கண்ணாடி, பின்னல், சிரிப்பே இல்லாத முகம். கண்ணைக் கீழிழுத்துப் பார்த்தார். முடியைத் தொட்டுப் பார்த்தார். செம்பட்டையாக, கையோடு வந்தது. வயிற்றை அமுக்கினார்.

“ஒண்ணுக்குப் போகும்போது அழுமா?”

“முன்னே அழும்ங்க. இப்ப அழறதில்ல. கொஞ்சங்கொஞ்சமா வுட்டுகினே கீது. நாத்தம் தாங்கல.”

“காய்ச்சல்?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. காய்ச்சலே வந்ததில்ல.”

“காய்ச்சல் வர்றதுக்குக் கூட உடம்புல தெம்பு வேணும்மா. இதுக்கு அது இல்ல. உள்ள கிருமி இருந்தாலும் வெளிய காட்டாது.” எதையோ எழுதினார். “தண்ணி நல்லாக் குடிக்குதா?”

காத்தாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நல்ல பெயர் வாங்க அவளுக்குக் கிடைத்த சந்தர்ப்பம். “கண்டபடிக்குக் குடுக்கறதே இல்லீங்க டாக்டரம்மா. தறி நின்னாத்தான்.”

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். தெய்வநாயகி சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேதி பார்க்க ஆரம்பித்தாள். அன்றைய தேதி அவளுக்குத் தெரியும்; புடவை கொடுக்க வேண்டிய நாள். நான் என் வளையலைப் பார்த்தேன்.

“மூத்திரம் டெஸ்ட் பண்ணணும். சுத்தமான பாட்டில்ல புடிச்சுக் குடுங்க. ஜல்தி.”

இங்கேதான் பேஜார் ஆரம்பித்தது. காலையிலிருந்து நிற்காமல் விட்டுக்கொண்டிருந்த குழந்தை, பாட்டிலைக் கண்டதும் நிறுத்திக்கொண்டது. நான் வீட்டுக்கு ஓடித் தைல பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்துவந்தேன். லேப் ஆள் முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். “இதுல டெஸ்ட் பண்ணா யூகலிப்டஸ்னுதான் ரிப்போர்ட் வரும்.” அவனே தண்ணீரில் கொதிக்க வைத்த பாட்டில் ஒன்று கொடுத்தான்.

அதைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தோம். டாக்டரம்மா சொன்னபடி சர்க்கரை கரைத்த தண்ணீரைத் தெய்வநாயகி ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். தன் வீட்டு டம்ளரில்தான். அதை யாரும் கவனிக்காத மாதிரி ஊட்டினாள், நான் கவனித்தேன். செய்தி தெருவுக்குப் போய், மூன்று மணிக்குள் கிருஷ்ணம்மாள், பொன்னம்மாள் என்று ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். இத்தனை நாள் அந்தக் குழந்தை மூத்திரம் போகிறது என்று வாய் ஓயாமல் பேசிய அத்தனை பேரும் வட்டமாக நின்று, “ஷ்ஷ்ஷ்… ஷ்ஷ்ஷ்…” என்று சத்தம் கொடுத்தோம். வீரபாகு கூட வந்து, சொம்பிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து சொம்புக்கும் தண்ணீரை ஊற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் தறிக்குழிக்கு வெளியே ஒரு காரியம் செய்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் பொன்னம்மாளுக்கு முட்டிக்கொண்டு வந்து, அவள் இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தாள். கண்ணகி மட்டும் அசையவில்லை.

நாலரை மணிக்குக் கால் பாட்டில் கிடைத்தது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கல். “வந்துட்ச்சி!” என்று தெய்வநாயகி கத்தியதில் வார்டில் இருந்த நோயாளிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

சீழ். சீழ்தான் முழுக்க. மூத்திரப் பையிலிருந்து ஒரு கிட்னிவரை ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. வீக்கம் பட்டினியால் வந்தது, இரண்டும் சேர்ந்துகொண்டன. ஊசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சமாகப் பாலும் சர்க்கரையும் எண்ணெயும், கம்பளி. பிழைக்குமா என்று காத்தாயி கேட்டதற்கு, “பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

எட்டாம் நாள் இரண்டாவது சண்டை. அதற்குப் புளி கேட்கிற சாக்குகூட எனக்குத் தேவைப்படவில்லை. தெருவில் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனோம்; அன்று என் முறை. நான் போனபோது காத்தாயி குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வார்டு வாசலில் நின்றாள்.

“நாங்க படவேட்டுக்குப் போறோங்க. எங்கூரு ரேணுகாம்பா ஆத்தா பாத்துப்பா. இங்க வந்து புள்ள எலும்புந்தோலுமா ஆயிட்ச்சி. வரும்போது எப்படி இருந்துச்சு, இப்பப் பாருங்க! எடை போட்டாங்க, ஒரு கிலோ கொறைஞ்சிட்ச்சாம்!”

பார்த்தேன். உண்மைதான். வீக்கம் வடிந்து, கொழுகொழு கன்னம் காணாமல் போய், கிழவி முகத்தோடு ஒரு குழந்தை. வடிந்தது தண்ணீர், சதை இல்லை என்று நர்சம்மா சொல்லச் சொல்ல, காத்தாயி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணால் கண்டதை விட்டு அவள் எதை நம்புவாள்?

அப்போதுதான் தெய்வநாயகி வந்தாள். வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அவள் உட்கார்ந்தால் ஒரு மாட்டுவண்டி நின்ற மாதிரி.

“தாண்டிப் போடி பாக்கலாம்.”

“வழி வுடுங்கம்மா. எம் புள்ள.”

“புள்ள உன்னுது, பொடவை என்னுது. என் பட்டை நாசம் பண்ணிட்டு, பேசாம செத்துப்போய்டலாம்னு பாக்குதா? அத நீ தூக்கிகினு வேற போறியா? எனக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போகச் சொல்லு.”

“மூணு வயசுப் புள்ள இன்னாம்மா பதில் சொல்லும்?”

“அப்ப பேசற வயசு வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்.”

இப்படியே முக்கால் மணி நேரம். நர்சம்மா அதட்டினாள், வார்டு பாய் கெஞ்சினான், தெய்வநாயகி காலை மடக்கவில்லை. கடைசியில் துணிக்குள்ளிருந்து கண்ணகி, வந்த நாளிலிருந்து வாயே திறக்காத குழந்தை, வீறிட்டு அழுதது. பசி. பால் வேளை தாண்டிவிட்டது. காத்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழத் தெம்பு வந்துவிட்டது என்று நர்சம்மா பாலெடுக்க ஓடினாள்.

ஒன்றரை மாதம் இருந்தார்கள். பிறகு வேலூருக்கு அனுப்பி எக்ஸ்ரே படம் எடுத்ததில் ஒரு கிட்னி சுருங்கியிருப்பது தெரிந்தது. இன்னொன்று போதும், ஆனால் ஆயுசுக்கும் தண்ணீர் குறையக் கூடாது, மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தெய்வநாயகி வீட்டில் தார் சுற்றும் இடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மண்பானை வந்தது. வீட்டுக் குடத்தைத் தொட அப்போதும் விடவில்லை. அவ்வளவு தூரம் அவள் மாறவில்லை. ஆனால் அந்தப் பானை காலியாக இருந்தால் வீரபாகுவுக்குத்தான் திட்டு விழும்.

கண்ணகிக்கு 1988 இல் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் காத்தாயி காபி கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள்: “ஒரு கிட்னி சின்னதுங்க. கேட்டப்ப எல்லாம் தண்ணி குடுக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க.” இரண்டு இடம் எழுந்து போயிற்று. இந்த மாதிரி விஷயத்தை விசாரிக்க வருகிறவர்கள் வழக்கமாக என் வீட்டுக்குத்தான் வருவார்கள். எனக்குச் சொல்ல ஒன்றையும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் அவளே கொட்டிவிட்டதில் எனக்கு வருத்தம்தான்.

மூன்றாவதாக வந்த சேத்துப்பட்டு ஜெயச்சந்திரன் பஸ் கண்டக்டர். “எங்க வீட்டு வாசல்லயே கைபம்பு இருக்குதுங்க” என்றான். முடிந்தது. கல்யாணத்துக்குத் தெய்வநாயகி அந்த மாம்பழ மஞ்சள் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள். வாங்க ஆளில்லாமல் பதினாறு வருஷம் பெட்டியில் கிடந்தது. கறையைக் கொசுவத்துக்குள் மடித்திருந்தாள், உட்காரும்போது தெரிந்தது.

மறு வருஷம் வீரபாகு தறியைக் கொடுத்துவிட்டு, மகனோடு இருக்கப் பெங்களூருக்குப் போனார். தெய்வநாயகியும்தான். காத்தாயியும் சுப்பனும் சேத்துப்பட்டில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். கண்ணகிக்கு ஒரு பையன். எதிர்வீட்டில் இப்போது யாரோ வாத்தியார் குடும்பம் இருக்கிறது. சத்தமே போடுவதில்லை. புளி கேட்டால் வாசலிலேயே கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.