ஒரு பக்கம் தேய்ந்த பேரிங்

நாற்பத்தாறாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். கராஜ் முதலாளி தாஸிமின் கணக்குக் கொப்பியில் மோகனராஜின் பெயருக்கு நேரே நிற்கும் கடன் அது. அதில் ஒரு சதத்தைக்கூட அவன் கைநீட்டி வாங்கியதில்லை.

ஓய்வு பெற்ற நில அளவையாளர் மயில்வாகனம் ஐயாவிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. அறுபத்தேழாம் ஆண்டுக் கார். இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது, இருக்கை தரையோடு தரையாகக் கிடக்கும். சித்திரையில் அதன் ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் மேல் பேரிங்கை மோகனராஜ்தான் மாற்றினான். ஆவணி பிறக்குமுன் ஸ்டியரிங் மறுபடி ஆடத் தொடங்கியது. பூட்டிய விதம் பிழை என்றார் ஐயா. தாஸிம் அவர் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்தார், இங்கிலாந்திலிருந்து வேறு பேரிங்கும் வரவழைத்தார். இரண்டையும் கூட்டி மோகனராஜின் தலையில் எழுதிவிட்டார். இந்த மாதத்திலிருந்து சம்பளத்தில் ஐயாயிரம் ஐயாயிரமாக வெட்டு.

பார்சல் வந்த மறுநாள் ஐயா காரைக் கண்டி வத்தேகம வீதிக் கராஜுக்குக் கொண்டுவந்தார்.

“இதுவும் போச்செண்டா அடுத்ததும் ஒன்ட கணக்குலதான் மோகன். இப்பவே செல்லிட்டேன்,” என்றார் தாஸிம்.

“எழுதுங்க முதலாளி. கொப்பியில எடம் இருக்கான்னு மொதல்ல பாத்துக்குங்க.”

முப்பது வருடம் கார்களுக்கு அடியில் படுத்தெழுந்த முதுகு அன்று காலையிலேயே முறுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் கைக்குச் சந்தேகமில்லை. பெட்டரி வயரைக் கழற்றினான். ஸ்டியரிங் நேராக நிற்கும் இடத்தைத் தண்டில் சோக்கட்டியால் குறித்தான். நடு நட்டைத் தளர்த்தி, இழுத்துக் கழற்றும் புள்ளரைப் போட்டு முறுக்கினான். ஸ்டியரிங் வளையம் டக்கென்று கையோடு வந்தது. கொக்கிக் கம்பியால் பழைய பேரிங்கை வெளியே இழுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

ஓடித் தேய்ந்திருந்தால் சுற்றிவரத் தேய்ந்திருக்க வேண்டும். இது அடிப்பக்கம் மட்டும் பிறைபோலக் கரைந்திருந்தது. மேல்பக்கம் புதுக் கருக்கு மாறவேயில்லை.

‘இது பூட்டின பிழை இல்ல. இதுல யாரோ தொங்குறாங்க.’

பேரிங்கைச் சட்டைப்பையில் போட்டான். புதியதற்குக் கிரீஸ் தடவி, சுத்தியல் படாமல் பலகைத் துண்டு வைத்துத் தள்ளி உட்கார வைத்தான். ஸ்டியரிங்கைத் திரும்பப் பூட்டி, பிடித்து ஆட்டினான். அசையவில்லை.

“ஐயா, ஓட்டிப் பாத்துட்டு வருவோம். நீங்க எப்பவும் போற ரோட்டு எது?”

“புசல்லாவைக்குத்தான். வெள்ளிக்கு வெள்ளி போறனான். ஏன், அவ்வளவு தூரம் வேணுமே?”

“அங்கயே போவோம். ஓட்டுறது நீங்க.”

பேராதனை தாண்டியதும் மரத்தடிப் பிள்ளையார் ஒருவர் வந்தார். பஸ்காரர்கள் ஓட்டத்திலேயே சில்லறையை வீசிவிட்டுப் போகும் இடம். ஐயா காரை ஓரங்கட்டினார்.

“சாமிக்குக் காசு எறியக்கூடாது தம்பி. நான் இறங்கித்தான் கும்பிடுறனான்.”

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றி, “முருகா!” என்று முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டு எழும்பினார். உண்டியலில் காசு போட்டு, திருநீறு பூசி, திரும்பி வந்து, அதே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பொத்தென்று உட்கார்ந்தார். கம்பளையில் ஒரு கோயில். அப்பால் ஒரு மாரியம்மன். அங்கே ஐயா பாதி எழும்பியபோது மோகனராஜ் கத்தினான்:

“அப்பிடியே இருங்க ஐயா! கைய எடுக்காதீங்க!”

“என்ன விளையாட்டு இது? முழங்கால் நோகுதடாப்பா!”

“எத்தன கிலோ நீங்க?”

“தொண்ணூற்றிரண்டு. ஏன், என்னை விக்கப்போறீரோ?”

மோகனராஜ் பழைய பேரிங்கை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தான். “புசல்லாவ வரைக்கும் எத்தன கோயில்?”

“ஏழு.”

“போறப்ப ஏழு, வாறப்ப ஏழு. பதினாலு தடவ தொண்ணூத்திரெண்டு கிலோ இதுல தொங்குது. தேஞ்ச பக்கத்தப் பாருங்க. நான் தப்பாப் பூட்டியிருந்தா இப்பிடியா தேயும்?”

ஐயா இருக்கையில் விழுந்தார். பேரிங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அளந்து பழகிய கண் அது. சுண்டுவிரலைப் பிறைக்குள் விட்டு ஆழம் பார்த்தார்.

“அப்ப நான்தான் உடைச்சனான்,” என்றார் கடைசியில்.

“ஒரு கைய சீட்டு முதுகுல ஊனுங்க. மத்தது கதவுப்படியில. இப்ப எழும்புங்க.”

ஐயா முனகிக்கொண்டே எழும்பினார். ஸ்டியரிங் தன்பாட்டில் இருந்தது. மாரியம்மனைக் கும்பிட்டு வந்தவர் மலை ஏறவில்லை. காரைக் கண்டிப் பக்கம் திருப்பினார்.

கராஜில் தாஸிம் கதை முழுவதையும் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார். “அதெல்லாஞ் சரி. பேரிங் காச ஆரு தார?”

“தொங்கினவன் தாறன்,” என்று ஐயா அந்த இடத்திலேயே முழுக் காசையும் எண்ணி மேசையில் வைத்தார். “உம்மட ஆளின்ர பேரை முதல்ல வெட்டும் தாஸிம். நான் பாக்கோணும்.”

தாஸிம் கொப்பியைத் திறந்து, மோகனராஜின் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்தார்.

“ஒத்தக் கோட்டுக்குள்ள நம்பர் தெரியுது முதலாளி. ரெண்டாப் போடுங்க.”

தாஸிம் முறைத்தார். பிறகு இரண்டாவது கோட்டையும் அழுத்தி இழுத்தார்.