போன வருஷக் கொம்பு

கடைசிக் கொம்பையும் ஒட்ட வெட்டிவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் மனசுக்குத் திருப்திதான். படுக்கையறை ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்த நீலப்பூச் செடி, இப்போது முழங்காலுக்குக் கீழே வெறும் குச்சிகளாக நின்றது. ரோஜாவையும் இப்படித்தான் தயவுதாட்சண்யம் பார்க்காமல் வெட்டுவாள். அதுவும் ரோஷம் வந்ததுபோலத் தளதளவென்று துளிர்த்துப் பூத்துத் தள்ளும்.

இந்தப் பூவை நம்பித்தான் அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கவாதத்தில் பேச்சை இழந்த கணவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டே கிடந்தார். மகன் வந்து கூப்பிட்டும் திரும்பவில்லை, டாக்டர் தோளைத் தட்டியும் திரும்பவில்லை. போன தடவை இந்தச் செடி கொத்துக் கொத்தாகப் பூத்தபோதுதான் தானாகத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். அந்த நாட்களில் சாப்பாடும் இறங்கியது. பூ வாடியதும் மறுபடி சுவர். கட்டின பெண்டாட்டியைவிடச் செடி உசத்தியாகிவிட்டதா என்று அவரிடம் சண்டைகூடப் போட்டுப் பார்த்தாள். இப்போதெல்லாம் ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். இந்தத் தடவை பூக்காவிட்டால் மனுஷன் தங்கமாட்டார் என்று அவளுக்குப் பயம்.

அண்ணனைப் பார்க்க வந்த நாத்தனார், குவிந்து கிடந்த கொம்புகளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். ஒன்றை எடுத்து, நுனியிலிருந்த பருத்த மொட்டை நகத்தால் பிளந்து காட்டினாள். உள்ளே கடுகளவுக்குப் பச்சையாகப் பூங்கொத்து முழுசாக இருந்தது.

"இது ரோஜா மாதிரி இல்ல அண்ணி. போன வருஷக் கொம்புலதான் பூக்கும்."

"அதான் புதுசா துளிர்க்குமே?"

"துளிர்க்கும். ஆனா வெறும் இலைதான். பூ இனி அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் யார் இருக்கப் போகிறார்கள் என்று வாய் வரை வந்தது. அவரோடு கூடப் பிறந்தவளிடம் அதைச் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டாள்.

நாத்தனார் உள்ளே போனதும் அவள் பழைய துணியைக் கிழித்து, வெட்டிய கொம்புகளைக் குச்சிகளோடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தாள். பைத்தியக்காரத்தனம் என்று தெரியாமல் இல்லை. கை கேட்கவில்லை. கட்டக் கட்ட அவை சாய்ந்தன, இலைகள் அதற்குள் தொங்கிப்போயிருந்தன. ஒரு கொம்பை எடுத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

தலையணையில் அவர் தலை மெல்லத் திரும்பியது. கொம்பைப் பார்க்கிறாரா, அதன் பின்னால் நிற்கும் அவளைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. கை கடுத்தது. அவள் கொம்பைக் கீழே இறக்கவில்லை.