தாத்தா குழி

மொக்கைச்சாமி கடப்பாரையைக் குழிக்குள்ளேயே சாத்திவிட்டு நிமிர்ந்தார். "தாத்தாவ வச்சு இருவது வருசம் இருக்கும்ல, ஆத்தா? அவருக்கு மேலாக்க இன்னொரு ஆளு கெடக்கே, இது யாரு?"

குழி தயாரா என்று பார்க்கத்தான் மெர்லின் அனுமந்தன்பட்டிக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தாள். வீட்டில் அவள் அப்பா பங்கிராஸ் பெட்டிக்குள் கிடந்தார். "என்னையத் தனியா வைங்க, எங்கப்பா குழியில வேணாம்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஜெயமேரிதான் கேட்கவில்லை. பெற்ற தகப்பன் பக்கத்தில் இருக்க, அநாதை மாதிரி தனியாகவா என்றாள்.

மொக்கைச்சாமி ஒரு கால் எலும்பைத் தூக்கிக் காட்டினார். அதில் ஸ்டீல் பிளேட் இருந்தது.

சின்னமனூர் ரோட்டில் பைக்கோடு விழுந்த தம்பி ஜோவுக்கு வைத்த பிளேட் அது. ஆறு வருடத்துக்கு முன், தோட்டத்தில் பங்கு கேட்டு அப்பாவோடு கைகலந்த ராத்திரியோடு அவனைக் காணவில்லை. கேரளாவுக்கு பஸ் ஏறிவிட்டான் என்றார் அப்பா. அம்மா அதை நம்பி, மதுரையிலிருந்து வினோத்ராஜ் என்ற துப்பறிவாளரை வைத்துத் தேடினாள். பாவம், அந்த மனுசன் குமுளி முதல் கோட்டயம் வரை ஒவ்வொரு பிணவறையிலும் இந்த பிளேட்டைத்தான் விசாரித்தார். அப்பா கொத்தனார். ஜோ போன அந்த வாரமே தாத்தா கல்லறையைத் தன் கையாலேயே புதிதாகப் பூசினார். தகப்பன் மேல் என்ன பாசம் என்று ஊரே மெச்சியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவர் சிமெண்டில் மறைத்திருந்தார்.

தூரத்தில் அப்பாவின் பெட்டியோடு வரும் பேண்டு வாத்தியம் மெர்லினுக்குக் கேட்டது. சொன்னால் அம்மா இங்கேயே விழுந்து செத்துப்போவாள்.

"சாக்குல கட்டிக் குழி மூலையிலயே வச்சிருங்க. யார்ட்டயும் சொல்லாதீக."

"நான் எதையும் பாக்கல, ஆத்தா."

பெட்டி இறங்கியது. சாமியார் ஜெபத்தை முடித்தார். வந்திருந்த வினோத்ராஜின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். "இவுக போயிட்டாகன்னு தேடுறத விட்டுறாதீக சார். எம்புள்ள வந்துருவான்."

பிறகு மெர்லின் பக்கம் திரும்பினாள். "மொத மண்ணு தம்பி போட வேண்டியது. அவனுக்குப் பதிலா நீ போட்டுருத்தா."

மெர்லின் ஒரு பிடி அள்ளினாள். பெட்டிக்கு மேலே போன கை அங்கேயே நின்றது. பிறகு விலகி, மூலையில் கிடந்த சாக்கின் மேல் மண்ணை விட்டது.

அது எங்கே விழுந்தது என்று வினோத்ராஜ் பார்த்துக்கொண்டிருந்தார்.